தனியாள் பாய்ப்படகு: கரையிலிருந்து முதல் பந்தயம் வரை

லேசர் என்று உலகெங்கும் அறியப்பட்ட சிறு பாய்ப்படகில் ஒரே பாயும் ஒரே ஆளும்தான். ஓட்டுபவரின் ஒரு கையில் சுக்கானைத் திருப்பும் கட்டை இருக்கும். அதை டில்லர் என்பார்கள். மறு கையில் பாயை இழுக்கவும் தளர்த்தவும் உதவும் கயிறு இருக்கும், அது மெயின்ஷீட். மூன்றாவது கருவி ஓட்டுபவரின் உடல் எடை. புதிதாக வருபவர்கள் ஏறக்குறைய எல்லோரும் டில்லரைப் பற்றியே கவலைப்படுகிறார்கள். கற்க வேண்டிய வரிசையோ இதற்கு நேர்மாறானது: முதலில் உடல், அடுத்துக் கயிறு, கடைசியில்தான் டில்லர். படகு சாயாமல் நேராக நின்றால் பாதி வேலை முடிந்தது; சாய்ந்துவிட்ட படகைச் சுக்கானால் அடக்க முயல்பவர், படகின் வேகத்தையும் தம் தோள்பலத்தையும் ஒருசேர வீணாக்குகிறார்.

படகைத் தெரிந்துகொள்ளுதல்

காரின் மேல் கட்டி எடுத்துச் செல்லக்கூடிய ஒரு படகு வேண்டும் என்று படகு கட்டுபவரான இயன் ப்ரூஸ் 1969-இல் தொலைபேசியில் கேட்க, வடிவமைப்பாளர் ப்ரூஸ் கிர்பி பேசிக்கொண்டிருக்கும்போதே வரைந்த கோட்டுப்படத்திலிருந்து பிறந்தது லேசர். 1971-இல் நியூயார்க் படகுக் கண்காட்சியில் விற்பனைக்கு வந்தது. நீளம் ஏறத்தாழ 4.2 மீட்டர், பாயும் மரமும் நீங்கலாக எடை 59 கிலோ அளவில் இருக்கும். 1996 அட்லாண்டா ஒலிம்பிக்கில் இடம்பெற்ற இப்படகு, சற்றுச் சிறிய பாயுடன் 2008 முதல் பெண்கள் பிரிவிலும் இடம்பெற்று வருகிறது. வணிகப் பெயர் குறித்த சிக்கலுக்குப் பிறகு போட்டிகளில் இதை இல்கா என்று அழைக்கிறார்கள். கரையில் பலரும் இன்னும் லேசர் என்றே சொல்கிறார்கள்.

ஒரே படகில் மூன்று அளவுப் பாய்களை ஏற்றலாம் என்பதுதான் கற்பவருக்கு இதில் உள்ள பெரிய வசதி. இல்கா 7 பாயின் பரப்பு 7.06 சதுர மீட்டர், இல்கா 6 பாய் 5.76, இல்கா 4 பாய் 4.7. பாயோடு சேர்த்துப் பாய்மரத்தின் கீழ்த்துண்டை மட்டும் மாற்றினால் போதும். தோராயமாகச் சொன்னால், 55 கிலோவுக்குக் குறைவானவர் இல்கா 4 பாயிலும், 55 முதல் 70 கிலோ வரை உள்ளவர் இல்கா 6 பாயிலும் தொடங்கலாம். 80 கிலோ எடையுள்ள ஒருவர்கூட முதல் சில வாரங்களுக்கு இல்கா 6 பாயை எடுத்துக்கொள்வதில் தவறில்லை. நான் 68 கிலோ எடையில், வீம்புக்குப் பெரிய பாயைத்தான் எடுப்பேன் என்று தொடங்கி, இரண்டு மாதங்களில் படகுக்குள் இருந்த நேரத்தைவிடத் தண்ணீருக்குள் இருந்த நேரமே அதிகம் என்ற நிலைக்கு வந்தேன். பதினைந்து வயதுக்கு உட்பட்ட பிள்ளைகளுக்கு லேசரைவிட, பெட்டி போன்ற வடிவம் கொண்ட ஆப்டிமிஸ்ட் படகே ஏற்றது.

தமிழ்நாட்டில் இருப்பவர்களுக்கு இந்தப் படகு அந்நியமானதல்ல. ஒலிம்பிக் பாய்மரப் போட்டிக்குத் தகுதி பெற்ற முதல் இந்தியப் பெண்ணான நேத்ரா குமணன் சென்னையைச் சேர்ந்தவர். டோக்கியோவிலும் பாரிஸிலும் அவர் ஓட்டியது இல்கா 6. அதே இரு ஒலிம்பிக்கிலும் ஆண்கள் பிரிவில் ஓட்டிய விஷ்ணு சரவணன், ஹாங்சோவில் 2023-இல் நடந்த ஆசிய விளையாட்டுப் போட்டியில் இல்கா 7 பிரிவில் வெண்கலம் வென்றார்.

எங்கே, எப்போது கற்பது

சென்னையில் 1911-இல் தொடங்கப்பட்ட ராயல் மெட்ராஸ் யாட் கிளப்பும் தமிழ்நாடு பாய்மரப் படகுச் சங்கமும் இருக்கின்றன. கட்டணம், பயிற்சி நாட்கள், துறைமுகத்துக்குள் நுழைவதற்கான அனுமதி ஆகியவற்றை நேரில் கேட்டுத் தெரிந்துகொள்வதே சரி. சங்கத்தின் படகிலேயே குறைந்தது ஆறு மாதம் ஓட்டுங்கள். சொந்தப் படகு வாங்கும் ஆசை இரண்டாம் வாரத்தில் வரும்; அதற்கு இடம் கொடுக்க வேண்டாம்.

காற்றைப் பற்றி ஒன்றைத் தெளிவாகச் சொல்ல வேண்டும். வடக்கிலிருந்து வீசுவதை வாடை என்றும், கிழக்கிலிருந்து வீசுவதைக் கொண்டல் என்றும், தெற்கிலிருந்து வீசுவதைத் தென்றல் என்றும், மேற்கிலிருந்து வீசுவதைக் கோடை என்றும் பிரித்த மொழி நம்முடையது. வரும் திசையை வைத்துக் காற்றுக்குப் பெயரிடும் அந்த வழக்கத்தையே பாய்ப்படகுக்காரரும் பின்பற்ற வேண்டும். ஏப்ரல், மே பிற்பகல்களில் கடலிலிருந்து கரையை நோக்கி ஒரே சீராக வீசும் காற்று, சென்னையில் கற்பவருக்குக் கிடைக்கும் நல்ல ஆசிரியர். ஜூன், ஜூலைக் காலைகளில் நிலத்திலிருந்து கடலை நோக்கி வீசும் மேலைக்காற்றோ ஏமாற்றக்கூடியது: அது கரையோரத்தில் அலையே எழுப்பாததால் கரையில் நிற்பவருக்குக் கடல் குளம்போலத் தோன்றும், ஆனால் கட்டுப்பாடு இழந்த படகை அது ஆழ்கடலை நோக்கியே தள்ளும். அலைதாங்கிச் சுவர்களுக்கு வெளியே, மீட்புப் படகு இல்லாமல், இத்தகைய காற்றில் தொடக்கநிலையாளர் போகவே கூடாது. வடகிழக்குப் பருவமழைக் காலத்தில் வானிலை எச்சரிக்கையைப் பார்க்காமல் படகைத் தொட வேண்டாம்.

காற்றின் வேகம் 6 முதல் 10 நாட் வரை இருப்பது தொடக்கத்துக்குப் போதும். ஒரு நாட் என்பது மணிக்கு 1.85 கிலோமீட்டர். கருவி இல்லாதவர் தண்ணீரைப் பார்க்கலாம். அலைமுகடுகள் அங்கங்கே வெள்ளையாக உடையத் தொடங்கினால் 10 நாட்டைத் தாண்டுகிறது என்று பொருள். எங்கு பார்த்தாலும் வெண்நுரை தெரிந்தால் அன்று கரையில் உட்கார்ந்து மற்றவர்கள் ஓட்டுவதைக் கவனியுங்கள்.

கரையில் செய்ய வேண்டியவை

நீந்தத் தெரிந்திருக்க வேண்டும். உடையோடு ஐம்பது மீட்டர் நீந்த முடியாதவர் முதலில் நீச்சல்குளத்துக்குப் போவது நல்லது. நீந்தத் தெரிந்தவரும் உயிர்காப்பு அங்கி அணியாமல் படகில் ஏறக் கூடாது. அது உடலோடு ஒட்டி இருக்க வேண்டும்; தோள்பட்டையைப் பிடித்து மேலே இழுத்தால் காதுவரை ஏறிவரும் அங்கி தண்ணீரில் உதவாது. துறைமுகக் கற்களில் ஒட்டியிருக்கும் சிப்பிகள் கத்திபோல் கீறும் என்பதால் காலணி அவசியம். முழுக்கைச் சட்டை, கயிறு வைத்த தொப்பி, ஒரு விசில், குடிதண்ணீர் ஆகியவை போதும். கையுறை முதல் நாளிலேயே வேண்டுமா என்றால், மாலையில் உங்கள் உள்ளங்கை பதில் சொல்லும்.

படகின் முன்முனை காற்றை நோக்கி இருக்குமாறு நிறுத்திக்கொண்டு பொருத்தும் வேலையைத் தொடங்க வேண்டும். பாய்மரத்தின் இரு துண்டுகளையும் ஒன்றுசேர்த்து, பாயின் ஓரத்தில் உள்ள உறையை அதன்மேல் காலுறைபோல் ஏற்றி, மரத்தை நிமிர்த்தி, படகின் தளத்தில் உள்ள குழியில் இறக்க வேண்டும். நிமிர்த்துவதற்கு முன் தலைக்கு மேல் மின்கம்பி இருக்கிறதா என்று பாருங்கள். குழியிலும் மரத்தின் அடியிலும் மணல் இருந்தால் கழுவிவிடுங்கள். மரம் சுழலும்போதெல்லாம் அந்த மணல் குழியை அரைத்து, நாளடைவில் ஓட்டை போட்டுவிடும். பிறகு பாயின் அடிவிளிம்பைத் தாங்கும் பூம் என்னும் கிடைமரத்தை மாட்டி, அதைக் கீழ்நோக்கி இழுத்துப் பிடிக்கும் கிக்கர் கயிற்றைத் தளர்வாகக் கட்டி, மெயின்ஷீட்டைக் கப்பிகளின் வழியாகக் கோத்து, அதன் நுனியில் எட்டு வடிவ முடிச்சு ஒன்றைப் போட வேண்டும். முடிச்சு இல்லாவிட்டால், கயிறு கைநழுவும் ஒரு தருணத்தில் முழுவதும் உருவிக்கொண்டு போய்விடும்.

தண்ணீரில் இறக்குமுன் மூன்றைக் கையால் தொட்டுப் பார்க்கும் பழக்கம் வேண்டும். படகின் பின்புறத்து அடைப்பான் இறுக்கமாக இருக்கிறதா? சுக்கான் கழன்றுவிடாமல் தடுக்கும் கிளிப் அதன் இடத்தில் அமர்ந்திருக்கிறதா? நடுப்பலகை, அதாவது படகு பக்கவாட்டில் நழுவாமல் தடுக்கும் டேக்கர்போர்டு, நழுவாமலிருக்க ரப்பர் கயிற்றால் கட்டப்பட்டிருக்கிறதா? கண்ணால் பார்த்தேன் என்பவர்தான் அடைப்பானை மறந்து நடுத்துறையில் மெல்ல அமிழ்கிறார்.

முதல் நாள்: நிறுத்தக் கற்றல்

கார் ஓட்டக் கற்பவருக்கு பிரேக் எங்கே என்று முதலில் காட்டுவார்கள். பாய்ப்படகில் பிரேக் கிடையாது. கயிற்றை விடுவதுதான் பிரேக். காற்று பக்கவாட்டில் வரும்படி படகை வைத்துக்கொண்டு, மெயின்ஷீட்டை முழுவதும் தளர்த்தி, காற்று வரும் பக்கத்து விளிம்பில் அமர்ந்திருங்கள். பாய் கொடிபோல் படபடக்கும், படகு ஏறக்குறைய நின்றுவிடும். இதுவே பாதுகாப்பு நிலை. பயம் வந்தால், யோசிக்க வேண்டியிருந்தால், எதிரே கப்பலின் இழுவைப்படகு வந்தால், திரும்ப வேண்டிய நிலை இதுதான். முதல் நாளில் ஒரு மணி நேரம் கிளம்புவதும் நிற்பதுமாகவே கழியட்டும்.

கிளம்புவதற்குக் கயிற்றை மெல்ல உள்ளே இழுங்கள். பாயின் படபடப்பு முன்விளிம்பில் அடங்கும் அந்தக் கணத்தில் நிறுத்துங்கள். அதற்கு மேல் இழுப்பது வேகத்தைத் தராது, சாய்வைத்தான் தரும். அவ்வப்போது சற்றுத் தளர்த்தி, படபடப்பு தொடங்குவதைப் பார்த்து, மறுபடி அது அடங்கும்வரை இழுங்கள். பாயின் இரு புறமும் ஒட்டியிருக்கும் கம்பளி நூல்களும் இதையே சொல்லும். உங்கள் பக்கத்து நூல் துள்ளினால் கயிற்றை இழுக்க வேண்டும் அல்லது காற்றிலிருந்து விலகித் திரும்ப வேண்டும்; மறுபக்கத்து நூல் துள்ளினால் தளர்த்த வேண்டும் அல்லது காற்றை நோக்கித் திரும்ப வேண்டும்.

டில்லரைப் பற்றி இவ்வளவு தெரிந்தால் போதும்: பாய் இருக்கும் பக்கம் தள்ளினால் படகு காற்றை நோக்கித் திரும்பும், உங்கள் பக்கம் இழுத்தால் காற்றை விட்டு விலகும். இடது வலது என்று நினைத்துக் குழம்ப வேண்டாம். சட்டென்று பலத்த காற்று அடித்துப் படகு சாயும்போது செய்ய வேண்டியவற்றின் வரிசை இது: உடலை வெளியே சாய்த்தல், போதாவிட்டால் கயிற்றை ஒரு முழம் விடுதல், அதுவும் போதாவிட்டால் டில்லரை விரலளவு தள்ளுதல். தொடக்கநிலையாளரின் கை பயத்தில் இதற்கு எதிராகச் செயல்படும்; கயிற்றை இன்னும் இறுக்கிப் பிடித்துக்கொள்ளும். அந்தப் பிடியை விடக் கற்கும் நாளே நீங்கள் பாய்ப்படகு ஓட்டத் தொடங்கிய நாள்.

திரும்புதலும் கவிழ்தலும்

காற்று வரும் திசைக்கு இரு புறமும் ஏறத்தாழ 45 பாகைக்குள் இந்தப் படகு நேராகப் போக முடியாது. ஆகவே எதிர்காற்றில் உள்ள இடத்துக்குக் கோணல் மாணலாக, இப்புறமும் அப்புறமுமாகத் திரும்பித் திரும்பியே செல்ல வேண்டும். படகின் முன்முனை காற்றைக் கடக்கும் இத்திருப்பத்துக்கு டாக் என்று பெயர். வேகமாகச் சென்றுகொண்டிருக்கும்போது டில்லரைச் சீராகத் தள்ளி, பூம் தலைக்கு மேல் வரும்போது குனிந்து, முகம் முன்னோக்கி இருக்க மறுபக்கம் சென்று உட்கார வேண்டும். அப்போது டில்லரின் நீட்சி முதுகுக்குப் பின்னால் பழைய கையிலேயே இருக்கும். புதுத் திசையில் படகு நேரான பிறகு நிதானமாகக் கை மாற்றிக்கொள்ளலாம். திரும்புவதற்கு நடுவில் கைமாற்ற முயல்வதே பெரும்பாலான தோல்விகளுக்குக் காரணம். வேகம் போதாமல் படகு எதிர்காற்றில் சிக்கி நின்றுவிட்டால், பூமை ஒரு பக்கம் வெளியே தள்ளிப் பிடித்து, டில்லரையும் அதே பக்கம் தள்ளுங்கள். படகு பின்னோக்கி நகர்ந்து திரும்பும்; பிறகு இரண்டையும் உள்ளே இழுத்தால் புறப்படலாம்.

பின்காற்றில் செல்லும்போது படகின் பின்முனை காற்றைக் கடக்கும் திருப்பம் ஜைப். இதில் பூம் ஒரு பக்கத்திலிருந்து மறு பக்கத்துக்கு ஒரே வீச்சில் வரும். தலை அதன் பாதையில் இருக்கக் கூடாது. லேசரில் இன்னொரு சிக்கலும் உண்டு. பூம் கடக்கும்போது தளர்ந்து தொங்கும் மெயின்ஷீட் படகின் பின்மூலையில் மாட்டிக்கொள்ளும். பூம் நகரத் தொடங்கும் நொடியில் கயிற்றை ஒரே வெட்டாக ஒருமுறை சுண்டி இழுத்தால் அது மாட்டாது. தயங்கித் தயங்கி ஜைப் செய்பவர் கவிழ்வார். படகு முழு வேகத்தில் இருக்கும்போது பாயின் மீது காற்றின் அழுத்தம் குறைவு என்பதால், துணிந்து செய்பவர் தப்புவார்.

எப்படியும் கவிழ்வீர்கள். அதனால் அமைதியான ஒரு நாளில், மீட்புப் படகு அருகில் இருக்கும்போது, வேண்டுமென்றே பத்து முறை கவிழ்த்துப் பழகுங்கள். கவிழ்ந்ததும் படகை விட்டு நீந்திப் போகாதீர்கள். கரை அருகில் தெரிந்தாலும் போகாதீர்கள். மிதக்கும் படகு தூரத்திலிருந்து தெரியும், மிதக்கும் தலை தெரியாது. மெயின்ஷீட் தாராளமாக ஓடுகிறதா என்று உறுதிசெய்து, படகைச் சுற்றி அடிப்பக்கம் சென்று, நடுப்பலகையின் மேல் ஏறி, அது படகின் உடலைத் தொடும் இடத்தருகே கால்வைத்து நின்று, விளிம்பைப் பிடித்துப் பின்னோக்கிச் சாயுங்கள். அவசரம் வேண்டாம். பாயின் மேல் நிற்கும் தண்ணீர் வடிய நேரம் வேண்டும். முன்முனை காற்றை நோக்கி இருந்தால் படகு நிமிர்ந்து சாந்தமாக நிற்கும். இல்லையென்றால் நிமிர்ந்த வேகத்திலேயே பாயில் காற்று ஏறி உங்கள் மேலேயே மறுபடி கவிழும். ஆழம் குறைந்த இடத்தில் மரத்தின் நுனி சேற்றில் குத்தி நின்றால், வலுக்கட்டாயமாக இழுத்து மரத்தை வளைக்காமல் உதவிக்குக் கையசையுங்கள்.

பந்தயத்துக்கு முன் பழக வேண்டியவை

இரண்டு மிதவைகளுக்கு நடுவே எட்டு வடிவில் ஓட்டுவது எல்லோரும் சொல்லும் பயிற்சி, செய்யுங்கள். அதைவிடப் பயனுள்ளது, ஒரு மிதவையின் அருகே படகை முப்பது நொடி அசையாமல் நிறுத்திவைப்பது. பந்தயத் தொடக்கத்தில் தேவைப்படுவது அதுதான். மற்றொன்று, மெல்லிய காற்றில் டில்லரைக் கையிலிருந்து விட்டுவிட்டு, உடலின் சாய்வாலும் பாயின் இழுப்பாலும் மட்டுமே படகைத் திருப்பிப் பார்ப்பது. காற்று போகும் பக்கம் படகு சாய்ந்தால் அது தானாகக் காற்றை நோக்கித் திரும்புவதையும், காற்று வரும் பக்கம் சாய்ந்தால் விலகித் திரும்புவதையும் அப்போது உடல் புரிந்துகொள்ளும்.

முதல் பந்தயம்

தேர்ந்த பிறகு பந்தயத்தில் இறங்கலாம் என்று காத்திருப்பவர் தேர்வதே இல்லை. துணையின்றி எதிர்காற்றில் போய்த் திரும்பவும், கவிழ்ந்த படகை நிமிர்த்தவும் முடிந்தால், அடுத்த வார இறுதிச் சங்கப் பந்தயத்தில் பெயர் கொடுங்கள். கடைசியாக வருவீர்கள், அதற்கு வெட்கப்பட வேண்டியதில்லை. பக்கத்தில் இன்னொரு லேசர் ஓடும்போதுதான் உங்கள் பாய் தவறாக இருப்பது தெரியும், ஏனென்றால் இரண்டு படகுகளும் ஒரே அச்சில் வார்த்தவை.

விதிகள் நான்காண்டுக்கு ஒருமுறை திருத்தப்படுகின்றன. இப்போது நடப்பில் உள்ளவை 2025 முதல் 2028 வரைக்கானவை. முழுவதையும் மனப்பாடம் செய்ய வேண்டாம். வலப்பக்கத்திலிருந்து காற்று வாங்கும் படகு ஸ்டார்போர்ட், இடப்பக்கத்திலிருந்து வாங்குவது போர்ட். இரண்டும் எதிர்ப்பட்டால் போர்ட் படகு ஒதுங்க வேண்டும். இரண்டும் ஒரே பக்கக் காற்றில் இணையாகச் சென்றால், காற்று வரும் பக்கத்தில் இருக்கும் படகு ஒதுங்க வேண்டும். முன்பின்னாகச் சென்றால் பின்னால் வருபவர் ஒதுங்க வேண்டும். டாக் செய்துகொண்டிருப்பவர் மற்றவர்களுக்கு வழிவிட வேண்டும். மிதவையைச் சுற்றும்போது, மூன்று படகு நீள வட்டத்துக்குள் யார் முதலில் நுழைகிறார், யார் உட்பக்கம் இருக்கிறார் என்பதைப் பொறுத்து இடம் கொடுக்க வேண்டும். தொடக்கநிலையாளர் சந்தேகம் வந்தால் வெளிப்பக்கமாகச் சுற்றி வருவது உத்தமம். தவறு செய்தால் உடனே விலகிச் சென்று இரண்டு முழுச்சுற்றுச் சுற்ற வேண்டும். மிதவையைத் தொட்டதற்கு ஒரு சுற்று. உடலை ஆட்டியோ பாயைத் திரும்பத் திரும்ப இழுத்தடித்தோ படகை உந்திச் செல்வது பொதுவாக விதிமீறல்.

தொடக்கம் ஐந்து நிமிட ஏற்பாடு. ஐந்து நிமிடம் இருக்கும்போது வகுப்புக் கொடி, அதாவது அந்தப் படகு வகைக்கான கொடி, ஏறும். நான்கு நிமிடத்தில் ஆயத்தக் கொடி ஏறும், ஒரு நிமிடம் இருக்கும்போது அது இறங்கும். வகுப்புக் கொடி இறங்குவதே தொடக்கம். ஊதல் ஒலியை நம்பாமல் கொடியைப் பார்த்தே கடிகாரத்தை ஓடவிட வேண்டும், ஏனெனில் விதிப்படி கொடிதான் கணக்கு. யாரேனும் முந்தித் தொடக்கக் கோட்டைத் தாண்டிவிட்டால் வெள்ளையில் நீலச் சிலுவை போட்ட கொடி ஏறும். அவர் திரும்பி வந்து மறுபடி தொடங்க வேண்டும்.

கொடிகள் ஏறுவதற்கு முன்பே கோட்டின் நடுவே சென்று, முன்முனையை நேரே காற்றை நோக்கித் திருப்பிப் பாருங்கள். கோட்டின் எந்த முனைப் பக்கம் அது சற்றே சாய்ந்து நிற்கிறதோ அந்த முனையே காற்றுக்கு அருகில் இருக்கிறது. தேர்ந்தவர்கள் எல்லோரும் அங்கேதான் முட்டிக்கொள்வார்கள். முதல் சில பந்தயங்களில் அந்த நெரிசலுக்குள் புகாமல், கோட்டின் நடுவில், ஸ்டார்போர்டில், காற்று போகும் பக்கத்தில் ஒரு படகு அகலம் காலியாக வைத்துக்கொண்டு தொடங்குங்கள். அந்தக் காலி இடத்தில்தான் கடைசிப் பத்து நொடியில் காற்றைவிட்டுச் சற்றே விலகி வேகம் எடுக்க முடியும்.

எதிர்காற்றுக் கட்டத்தில் ஒரே ஓர் உத்தி போதும். காற்று ஒரே திசையில் நிற்பதில்லை. உங்கள் முன்முனை மிதவையை விட்டு விலகிக்கொண்டே போகிறது என்றால் காற்று உங்களுக்கு எதிராகத் திரும்பிவிட்டது; டாக் செய்யுங்கள். மிதவையை நோக்கி ஏறிக்கொண்டே போகிறது என்றால் தொடர்ந்து செல்லுங்கள். துறைமுகத்துக்குள் நிறுத்தியிருக்கும் கப்பல்களுக்குப் பின்னால் காற்று செத்துக் கிடக்கும். அந்த நிழலைச் சுற்றிப் போகும் நீண்ட வழி பெரும்பாலும் குறுக்குவழியைவிட விரைவானது.

முதலில் வருபவருக்கு 1 புள்ளி, இரண்டாமவருக்கு 2 என்று கணக்கிடப்பட்டு, மொத்தத்தில் குறைந்த புள்ளி பெற்றவர் வெல்கிறார். முடிக்காதவருக்குக் கடைசியாக வருபவரைவிடவும் அதிகப் புள்ளி என்பதால், எவ்வளவு பின்தங்கினாலும் முடிவுக்கோட்டைக் கடந்துவிட வேண்டும். கரையேறியதும் அடைப்பானைக் கழற்றிப் படகைச் சாய்த்துத் தண்ணீரை வடியவிட்டு, கப்பிகளையும் சுக்கானின் இணைப்புகளையும் நன்னீரில் கழுவி, பாயை மடிப்பு விழாமல் சுருட்டிவையுங்கள். உங்களுக்குச் சற்று முன்னால் முடித்தவரைத் தேடிப்பிடித்து, முதல் மிதவைக்கு அவர் எந்தப் பக்கமாகப் போனார், ஏன் போனார் என்று கேட்க அதுவே தோதான நேரம். அவரும் கயிறு சுருட்டிக்கொண்டுதான் இருப்பார்.